செங்கற் சுவரின் நீர்வாய்கள்

ஒரு வீட்டிற்கு வாயில்கள் எத்தனை என்று வினவின், முன்வாயில் ஒன்று, பின்வாயில் ஒன்று என்று விடையிறுப்பார் பலர். சாளரங்களையும் சேர்த்து எண்ணுவார் சிலர். சுவரின் அடியிலே, நீர் வெளிச்செல்லுதற் பொருட்டுக் கொத்தனார் விட்டுவைத்த சிறு துளையை ஒரு வாயிலாகக் கருதுவார் மிக அரியர். ஆயினும், இரவும் பகலும் தாழிடப்படாது திறந்தே கிடக்கும் வாயில் அஃதொன்றே. மக்கள் அதனை மறந்தாலும் எலியும் பாம்பும் தேளும் பூரானும் கரப்பும் அதனை ஒருநாளும் மறப்பதில்லை. அச்சிறு வாயிலைப் பற்றி யாம் கேட்டும் கண்டும் கற்றும் அறிந்தவற்றை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

தமிழ் இலக்கியம் பயிலும் எமக்குக் கொத்துவேலையில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒருநாட் காலை, யாம் தங்கியிருந்த விடுதியின் கீழ்த்தளத்துக் குளியலறையில் நீர் வடியாது தேங்கி நின்றது. விடுதியைத் தூய்மை செய்யும் மூதாட்டியார் ஒருவர், வழக்கம்போலச் சுவரோரத்துத் துளையிற் கைவிட்டு அடைப்பை எடுக்கக் குனிந்தார். கையை நீட்டுமுன் ஒரு குச்சியால் துழாவிப் பார்த்தமையாற் பிழைத்தார். குச்சியின் நுனியில் அசைந்தது மயிர்க்கற்றையன்று, கட்டுவிரியன். "தம்பிகளா, தள்ளிப் போங்க!" என்று அவர் முதற்கண் எம்மையே விலக்கினார், தம்மைப் பற்றி நினைத்தாரில்லை. தீயணைப்பு நிலையத்தார் வந்து அப்பாம்பைப் பிடித்துச் சென்றனர். எவர்க்கும் ஊறு நேரவில்லை.

அன்று மாலையே மாணவர் பலர் கூடி, துளைகள் அனைத்தையும் அடைத்துவிட வேண்டும் என்று விடுதிக் காப்பாளரிடம் முறையிட்டோம். புதிதாகப் போட்ட குழாய் ஒன்றே நீர் வடிதற்குப் போதும் என்பது எம் துணிபு. எம் அச்சத்தைக் கண்ட காப்பாளரும் இசைந்தார். மறுநாள் துளைகளெல்லாம் சிமெண்டுச் சாந்தினால் மூடப்பெற்றன. அதன்பின் மூன்றாம் நாள் பெருமழை தொடங்கிற்று. எஞ்சியிருந்த ஒற்றைக் குழாய் சோப்புக் கசடும் மயிரும் திரண்டு அடைபட்டது. குளியலறையில் நின்ற நீர் வாயிற்படியைக் கடந்து அறைகளுட் புகுந்து, கட்டிலின்கீழ் வைத்திருந்த பெட்டிகளையும் புத்தகங்களையும் நனைத்தது. மூத்த மாணவர் எமக்கு விட்டுச்சென்ற யாப்பிலக்கணக் குறிப்பேடு ஒன்று மை கரைந்து வெறுந்தாளாயிற்று. பாம்பை அஞ்சி வெள்ளத்தை விருந்துக்கழைத்த கதையாக முடிந்தது எம் சூழ்ச்சி.

அடைத்த துளைகளை மீளத் திறக்க வந்த முதிய கொத்தனாரை நோக்கி, "ஐயா, அடைத்தால் வெள்ளம், திறந்தால் பாம்பு, யாது செய்வது?" என்றோம். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணிக்குத் திறக்கணும், பூச்சிக்கு அடைக்கணும், தம்பி. ரெண்டையும் ஒரே துளையில செய்யறதுதான் வேலை," என்றார். இக்கட்டுரை முழுவதும் அவ்வொரு வாக்கியத்தின் உரையே எனினும் பொருந்தும்.

நீர்வாய் அமைக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. சிந்துவெளியில் மொகெஞ்சதாரோ நகரத்து மக்கள், ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்னரே, சுட்ட செங்கற்களாற் குளியலறைத் தளம் அமைத்து, அதன் நீரைச் சுவரின் வழியே வெளியேற்றித் தெருவிலுள்ள செங்கற் கால்வாயிற் சேர்த்தனர். அக்கால்வாய்களுட் பல மேலே மூடியிடப்பெற்றவை. தமிழிலும் இதற்குச் சொற்கள் பல உள. நீர் செல்லும் உட்டுளையைத் தூம்பு என்றனர். மறைவாகச் செல்லும் நீர்வழியைச் சுருங்கை என்றனர். பின்னாளில் சலதாரை என்னும் வடசொல் வழக்கிற்கு வந்தது. ஒரு பொருளுக்குப் பெயர் பல தோன்றுமாயின், அப்பொருள் மக்கள் வாழ்வில் நெருங்கிய இடம் பெற்றிருந்தது என்று கொள்ளலாம்.

இவ்வாயிலின் இடரும் புதிதன்று. ருட்யார்டு கிப்ளிங் 1894 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஜங்கிள் புக்' என்னும் நூலில், ஒரு கீரிப்பிள்ளை நாகத்தோடு பொருத கதை வருகின்றது. கதை நிகழிடம் பீகாரிலுள்ள சுகௌலி என்னும் பாசறை. அங்கே நாகம் வீட்டினுட் புகுவது தலைவாயில் வழியாகவன்று. குளியலறைச் சுவரின் அடியில் ஒரு செங்கல்லை எடுத்துவிட்டு அமைத்த நீர்வாயின் வழியாகவேயாம். கதை கற்பனையேயாயினும், அத்துளை கற்பனையன்று என்பதை எம் விடுதி மூதாட்டியார் நன்கறிவார்.

இனி, இத்துளைகளின் வகைகளைக் காண்போம். முதலாவது, குளியலறை, அடுக்களை ஆகியவற்றின் நீரை வெளிவிடும் தூம்பு. இதில் அழுக்கு நீர் நாடோறும் செல்லும். இரண்டாவது, மொட்டைமாடியின் மழைநீர் வெளிப்படும் கைப்பிடிச்சுவர்த் துளை. இதில் மழைநாளில் மட்டுமே நீர் செல்லும். ஆனால் மிகுதியாகச் செல்லும். மூன்றாவது, மேட்டு நிலத்தைத் தாங்கி நிற்கும் சுவரிலுள்ள கசிவுத்துளை. பொறியாளர் இதனை 'வீப் ஹோல்' என்பர். மண்ணில் ஊறிய நீர் இதன்வழிக் கசிந்து வெளிவரும்.

நான்காவது வகை நம் நாட்டிற் பெரிதும் காணப்படாதது. இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிற் பெருவழக்காயிருப்பது. அந்நாடுகளிற் பல வீடுகளின் வெளிச்சுவர் ஒன்றன்று, இரண்டு. வெளியே அரைச்செங்கல் கனமுள்ள ஒரு சுவரும், உள்ளே மற்றொரு சுவரோ மரச்சட்டகமோ இருக்க, இவற்றிடையே ஏறத்தாழ 2 அங்குல அகலமுள்ள வெற்றிடம் விடப்பெறும். காற்றோடு மோதும் மழை வெளிச்சுவரை ஊடுருவுவது இயல்பு. ஊடுருவிய நீர் உட்சுவரைத் தொடாமல் அவ்வெற்றிடத்தின் வழியே கீழிறங்கும். அடியிலே வைத்த தகடு அதனை வெளிநோக்கித் திருப்பும். அங்கே, இரண்டு செங்கற்களுக்கு இடையிலுள்ள செங்குத்தான இணைப்பிற் சாந்து வையாது விட்ட சந்தின் வழியாக நீர் வெளியேறும். அச்சந்து 10 மில்லிமீட்டர் அகலமும் ஒரு செங்கல் உயரமும் உடையது. அமெரிக்கச் செங்கல் தொழிலார் சங்கம், இத்தகைய சந்துகள் ஒன்றற்கொன்று 24 அங்குலத்திற்கு மேற்படாத தொலைவில் அமைதல் வேண்டும் என்று அறிவுறுத்துகின்றது. எனவே, ஒரு சிறு வீட்டைச் சுற்றிலும் இத்தகைய சந்துகள் பல இருக்கும். ஒவ்வொன்றும் சுண்டெலிக்கு ஒரு தலைவாயிலேயாம்.

எவ்வளவு சிறிய துளையின்வழி எவ்வுயிர் புகும் என்பதை அறிந்தாலன்றித் தடைசெய்தல் இயலாது. சுண்டெலி, ஏறத்தாழ 6 மில்லிமீட்டர், அஃதாவது கால் அங்குலமுள்ள துளையில் நுழையவல்லது. பெரிய எலிக்கு அரை அங்குலம் போதும். தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும் என்பது எலியைப் பற்றிய பொதுவிதி. கரப்பின் திறம் இன்னும் வியப்புக்குரியது. 12 மில்லிமீட்டர் உயரமுள்ள அமெரிக்கக் கரப்பு, தன் உடலைத் தட்டையாக்கி, 3 மில்லிமீட்டர் இடுக்கிலும் புகுந்து செல்லும் என்று கலிபோர்னியாவில் ஆராய்ந்தோர் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பாம்புக் குட்டிகள் விரல் நுழையும் துளையில் எளிதிற் செல்லும். குளவியும் சில வகைத் தேனீயும், புகுவதோடு நில்லாமல், அத்துளையிலேயே மண்கூடு கட்டி அதனை அடைத்தும் விடும்.

இவ்வுயிர்கள் ஏன் துளையை நாடுகின்றன? நம்மைத் துன்புறுத்தும் நோக்கம் அவற்றிற்கு இல்லை. துளையினுள் இருளும் ஈரமும் குளிர்ச்சியும் உள. அடுக்களை நீரோடு சோற்றுப் பருக்கையும் வெளிவருகின்றது. பருக்கையைத் தேடிக் கரப்பும் எலியும் வரும். எலியையும் தவளையையும் பல்லியையும் தேடிப் பாம்பு வரும். ஆதலின், பாம்பு புகுந்தது என்று அலறுமுன், அதற்கு விருந்து வைத்தவர் யாவர் என்று எண்ணுதல் வேண்டும். எம் விடுதியில் விருந்து வைத்தவர் யாமே. இரவு உண்டு எஞ்சிய சோற்றைக் குளியலறைக்குப் பின்புறமுள்ள சாளரத்தின் வழியே எறிந்து வந்தோம். அவ்வழக்கத்தை எவரும் குற்றமாக எண்ணியதில்லை.

இது சிறு செய்தியன்று. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையுள்ள ஆண்டுகளில், பாம்புக்கடியால் ஆண்டுதோறும் சராசரி 58,000 பேர் இறந்தனர் என்று 2020 இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிடுகின்றது. கட்டுவிரியன் இரவில் வீட்டினுட் புகுந்து, தரையில் உறங்குவோரைக் கடிக்கும் இயல்புடையது. அதன் கடி பெரும்பாலும் வலி தராமையால், கடியுண்டவர் அறியாமலேயே இறத்தலும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த நீரில் வெறுங்காலோடு நிற்பவரை, காலிலுள்ள சிறு புண் வழியாக எலிக்காய்ச்சல் பற்றக்கூடும். தேங்கிய அழுக்கு நீரிற் பெருகும் கியூலெக்ஸ் கொசு யானைக்கால் நோயைப் பரப்பும். ஆகவே, கைப்பிடி அகலமுள்ள ஒரு துளையில் மாந்தர் உயிரே அடங்கியிருத்தலும் கூடும்.

அங்ஙனமாயின் துளையை முற்றும் அடைத்துவிடலாகாதோ எனின், ஆகாது. அதற்குரிய காரணங்களைக் கேண்மின். செங்கல் நீரை உறிஞ்சும் இயல்பினது. நல்ல செங்கல்லேயாயினும் தன் எடையில் நூற்றுக்கு 20 பங்கு வரை நீரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. 3 கிலோகிராம் எடையுள்ள ஒரு செங்கல், இவ்வளவின்படி, 600 கிராம் நீரைத் தன்னுள் அடக்கக்கூடும். ஒரு சுவரில் எத்தனை செங்கற்கள் உள என்று எண்ணினால், வெளியேற வழியில்லாத நீர் எங்கே தங்கும் என்பது விளங்கும். ஊறிய சுவரில் உவர் பூக்கும், பூச்சு உதிரும், கதவுநிலையின் அடிமரம் இற்றுப்போகும், ஈரமரத்தைக் கறையான் நாடும். இரட்டைச் சுவருள்ள குளிர்நாடுகளிலோ, தேங்கிய நீர் உறைந்து விரிந்து செங்கல்லையே பிளக்கும்.

தாங்குசுவரில் இத்தீங்கு மேலும் கொடியது. 2 மீட்டர் உயரமுள்ள தாங்குசுவரின் பின்னே நீர் விளிம்புவரை தேங்கி நிற்பதாகக் கொள்வோம். சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின்மேலும் அந்நீர் மட்டும் தள்ளும் விசை 2,000 கிலோகிராம் எடைக்கு ஏறத்தாழ ஒப்பாகும். மண்ணின் விசை இதற்கும் மேலே. நீரின் உயரம் இருமடங்காயின் அதன் விசை நான்மடங்காகும். இவ்விசையைத் தணிப்பன அச்சிறு கசிவுத்துளைகளே. எலிக்கு அஞ்சி அவற்றை அடைப்போர், மழைநாளில் சுவரையே தம்மேற் சாய்த்துக்கொள்ளும் இடருக்கு ஆளாவர்.

ஆதலின், அடைத்தலும் வேண்டா, வாளா விடுதலும் வேண்டா, வடிகட்டுதலே வேண்டும். நீரினும் பெரியதாய், புகும் உயிரினும் சிறியதாய் உள்ள கண்களையுடைய தடையொன்றைத் துளையில் அமைப்பதே வழி. இதற்குக் கம்பிவலை ஏற்றது. ஆனால் வலையின் கண் சிறுத்தற்கேற்ப நீர் செல்லும் இடமும் குறையும். 6 மில்லிமீட்டர் கண்ணும் 1 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பியும் உடைய வலையில், மொத்தப் பரப்பில் நூற்றுக்கு 73 பங்கு திறந்திருக்கும். 1 மில்லிமீட்டர் கண்ணும் அரை மில்லிமீட்டர் கம்பியும் உடைய வலையிலோ 44 பங்கே திறந்திருக்கும். எனவே, நுண்ணிய வலை இடுவோர் துளையை இருமடங்குக்கு மேலாகப் பெரிதாக்கிய பின்னரே இடுதல் வேண்டும். இக்கணக்கை மறந்து, பழைய துளையின்மேல் கொசுவலையை ஒட்டிவிட்டு, நீர் வடியவில்லை என்று நொந்துகொள்வோர் பலர்.

அன்றியும், ஒரே வலை எல்லாத் துளைக்கும் பொருந்தாது. துளையினூடே செல்லும் நீர் எத்தகையது என்று நோக்கியே வலையைத் தேர்தல் வேண்டும். இரட்டைச் சுவரின் சந்தில் வருவது தெளிந்த நீர். அதுவும் சொட்டுச் சொட்டாக வருவது. ஆகவே அங்கே நுண்ணிய வலை தகும். துருப்பிடியா எஃகினாற் செய்த சிறு மூடிகளை அந்நாட்டார் அச்சந்துகளிற் செருகுகின்றனர். செம்புக் கம்பிச்சுருளைத் தளர்வாகத் திணிப்பாரும் உளர். சாதாரண எஃகுச்சுருள் விரைவில் துருவேறிச் செங்கல்லிற் கறை படுத்தும். நுரைப்பசையும் சாந்தும் சந்தை முற்றும் அடைத்துவிடும். ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீ பரவும் இடங்களில், காற்றிற் பறக்கும் தீப்பொறி புகாமற் காத்தற்கும் இவ்வலைகளை இடுகின்றனர். பூச்சியைத் தடுக்க வைத்த வலை நெருப்பையும் தடுப்பது நினைக்கத்தக்கது. வலை இட்டாலும், பூந்தோட்டத்து மண்ணை அச்சந்தின்மேல் ஏற விடலாகாது. இங்கிலாந்தில், ஈரந்தடுக்கும் படலம் வெளிநிலத்திற்கு 150 மில்லிமீட்டர் உயரத்தில் அமைதல் வேண்டும் என்று விதித்திருப்பது இத்தகைய காரணம் பற்றியே.

மாடித் துளையில் வருவது வெள்ளம். அதனோடு வேப்பிலையும் புன்னைச் சருகும் வரும். தட்டையான வலை இட்டால் இரண்டு சருகுகளே அதனை மூடிவிடும். ஆகவே, குவிந்த வடிவமுள்ள பருங்கம்பிக் கூடு ஒன்றை வைத்தல் வேண்டும். அடிப்பகுதி மூடப்பெற்றாலும் மேற்பகுதி வழியே நீர் வழியும். தாங்குசுவர்த் துளையில் வருவது மண் கலந்த நீர். அங்கே துளைக்குப் பின்புறம் கருங்கல் ஜல்லியை அடுக்கி மண்ணை நிறுத்தி, வெளிச்சரிவாகக் குழாய் பதித்து, அதன் முன்வாயில் 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையைப் பொருத்துதல் நன்று.

குளியலறைத் தூம்பே யாவற்றினும் கடினமானது. மயிரும் சோப்பும் கலந்த நீர் நுண்ணிய வலையை ஒரே நாளில் அடைத்துவிடும். பெரிய கண்ணுள்ள வலையோ கரப்பைத் தடாது. இச்சிக்கலைத் தீர்ப்பது நீரே. குழாயை வளைத்து, அவ்வளைவில் எப்பொழுதும் சிறிது நீர் தங்குமாறு செய்தால், நீர் தன்மேல் வரும் நீரைத் தள்ளி வெளியேற்றும். மணத்தையும் பூச்சியையும் பெரும்பாலும் உள்ளே விடாது. இவ்வளைவை அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர் 1775 ஆம் ஆண்டில் இலண்டனில் மலக்கழிப்பிடத்திற்கென அமைத்து உரிமை பெற்றார். நம் நாட்டில் குளியலறைத் தரையில் வைப்பதை 'நஹானி டிராப்' என்பர். அதில் 50 மில்லிமீட்டர் ஆழத்திற்கு நீர் நிற்றல் வேண்டும்.

இதிலும் ஒரு குறை உண்டு. நீண்ட விடுமுறையில் குளியலறை வழங்காதிருப்பின், அந்நீர் வற்றிவிடும். பூட்டு தானே திறந்துகொள்ளும். கோடை விடுமுறை கழிந்து வரும் மாணவரைக் கரப்புக் கூட்டம் எதிர்கொள்வதன் மருமம் இதுவே. அறையைப் பூட்டிச் செல்லுமுன் ஒரு குவளை நீர் வார்த்து, அதன்மேல் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுச் சென்றால், எண்ணெய்ப் படலம் நீர் வற்றுதலைத் தாழ்க்கும். திரும்பி வந்தவுடன் முதல் வேலையாக நீர் வார்த்தல் வேண்டும்.

வலைக்குரிய பொருளையும் ஆராய்தல் வேண்டும். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. அவற்றைத் தேய்க்க அது எதையேனும் கொறித்துக்கொண்டேயிருக்கும். நைலான் வலையும் பிளாஸ்டிக் மூடியும் நுரைப்பசையும் அதன் பற்களுக்கு ஆற்றா. துருப்பிடியா எஃகு வலையே நெடுநாள் நிற்கும். வலையைச் சாந்தினாற் புதைத்துவிடாமல், சட்டமிட்டுத் திருகாணியாற் பொருத்தல் வேண்டும். கழற்றிக் கழுவ இயலாத வலை ஓராண்டில் ஒரு சுவராகிவிடும். சுவருக்கும் சட்டத்திற்கும் இடையே சந்து இருப்பின் வலையால் யாதும் பயனில்லை.

துளைக்கு வெளியேயும் செய்யத்தக்கன உள. குழாயின் முனை சுவரிலிருந்து சற்று நீண்டு, கால்வாயின் நீர்மட்டத்திற்கு மேலே நிற்றல் வேண்டும். சுவரை ஒட்டிய புதரையும் விறகுக்குவியலையும் உடைகற்குவியலையும் அகற்றுதல் வேண்டும். சுவரடியில் வழவழப்பான சிமெண்டுத் தளம் இட்டால், எலி வளை தோண்டுதற்கு இடமிராது. இவையெல்லாம் செய்தும் சோற்றை வெளியே எறிவோமாயின், ஒரு வாயிலை அடைத்துவிட்டு மற்றொரு வாயிலில் தாம்பூலம் வைத்து அழைத்தவராவோம்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது வடகிழக்குப் பருவக்காற்று. ஆதலின் ஆண்டுதோறும் புரட்டாசித் திங்களில் எல்லாத் துளைகளையும் ஒருமுறை பார்த்துவிடுதல் நலம். ஒவ்வொரு துளையிலும் ஒரு குடம் நீர் வார்த்து, அது தடையின்றி வெளிவருகின்றதா என்று காண்பதே போதிய தேர்வு. துளையில் கைவிடலாகாது, நீண்ட கம்பியோ கோலோ கொண்டு துழாவுதல் வேண்டும். பாம்பு இருக்கக் கண்டால் அடிக்க முயலாது விலகி நின்று, தீயணைப்பு நிலையத்தார்க்கோ வனத்துறையார்க்கோ அறிவித்தல் வேண்டும். கடி நேரின், கயிற்றால் இறுக்கிக் கட்டுதலும் கீறி உறிஞ்சுதலும் தீங்கு. கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, நஞ்சுமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுதலே செயற்பாலது.

எம் விடுதியின் கதையை முடிக்காது விடலாகாது. கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் அக்கொத்தனார் துளைகளைத் திறந்து, அகன்ற குழாய்களை வெளிச்சரிவாகப் பதித்து, உள்ளே டிராப்பும் வெளியே எஃகு வலையும் பொருத்தினார். பின்புறத்துப் புதரை யாமே வெட்டினோம். சோறு எறிந்த சாளரத்தின் கீழ் மூடியுள்ள தொட்டியொன்று வந்தது. இவ்வாண்டு மழையில் நீர் தேங்கவில்லை, பாம்பும் வரவில்லை. மூன்று இரவுகள் மட்டும் கரப்பு வந்தது. ஆராய்ந்ததில், எம்முள் ஒருவர் முகங்கழுவும்போது இடையூறாயிருக்கிறதென்று டிராப்பின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். குற்றம் துளையினதன்று.

இவ்வளவும் செய்த பின்னர் எம் உள்ளத்தில் எஞ்சி நிற்பது ஒன்று. பாம்பு தோன்றிய அன்று எமக்கு வந்த அச்சம் பெரிது. ஆனால் அத்துளையில் ஒவ்வொரு நாளும் கைவிட்டவர் எம்மில் ஒருவரல்லர், அவ்வம்மையாரே. எமது மயிரையும் எமது சோப்புக் கசடையும் அவர் வெறுங்கையால் எடுத்த நாள்களில், அவர் கைக்கு நேரக்கூடியதைப் பற்றி யாம் ஒருமுறையும் எண்ணினோமில்லை. எமக்கு நேரக்கூடும் என்றபோதே எண்ணினோம். இப்பொழுது, ஒவ்வோர் அறையினரும் முறைவைத்து வாரந்தோறும் தத்தம் வலையைக் கழற்றிக் கழுவுகின்றோம். அவருக்கு நீண்ட பிடியுள்ள கொக்கியும் கனத்த கையுறையும் விடுதி வாங்கித் தந்திருக்கிறது. முதன்முறை யாம் வலை கழுவுவதைக் கண்ட அவர், "இதுக்கெல்லாம் நான் இல்லையா, தம்பி?" என்றார். "இல்லை அம்மா, இது எங்கள் அழுக்கு" என்றோம்.

நண்பர்காள், இம்மலரைப் படித்து முடித்தபின், நும் அறையின் அல்லது இல்லத்தின் சுவரடியை ஒருமுறை சென்று நோக்குமின். அங்குள்ள துளை அடைபட்டிருப்பின் திறமின். வெறிதே திறந்திருப்பின் வலை இடுமின். அதனைத் தூய்மை செய்வார் யாவர் என்றும் கேண்மின்.